இரவு எட்டு மணிக்கு நண்பகல்

ஒவுலுவில் டிசம்பர் வெயில்
பத்தரைக்கு வரும், இரண்டுக்குப் போய்விடும்.
நான் அதைப் பார்ப்பதே இல்லை.
அதிகாலை இரண்டு முதல் பத்து வரை
நகராட்சியின் பனிவாரி வண்டியை ஓட்டிவிட்டு
திரையை இழுத்து மூடித் தூங்குகிறவன்.

ஆகவே என் வீட்டில்
சூரியன் மாலை மூன்றுக்கு எழும்.
இரவு எட்டுக்கு உச்சி.
நள்ளிரவில் அஸ்தமனம்.
இருநூறு லிட்டர் உப்புநீருக்கு அது போதும்,
ஏன் என்று கேட்காது.

விளக்கை ரைமோ ஹியேதலாவிடம் வாங்கினேன்.
தொட்டி விரிசல் விட்டு மரத்தரை ஊறிப்போனபின்
எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.
"பழைய விளக்கென்றால் கொதிக்கும்.
இது எல்.இ.டி., கையை வைத்துப் பார்" என்றான்.
வைத்தேன்.
வெதுவெதுப்புகூட இல்லை.
சூடில்லாதது சுடாது என்று நம்பிவிட்டேன்.

முதல் நாளே வெள்ளையை நூறுக்கு ஏற்றினேன்.
அடடா,
ஒவ்வொரு மணலும் தனியாகத் தெரிந்தது!
நாலாம் நாள்
பச்சைக் கொம்புப் பவளம்
நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது.
நோய் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றினேன்.
உப்பைச் சோதித்தேன், கால்சியத்தைச் சோதித்தேன்,
விளக்கை மட்டும் சந்தேகிக்கவில்லை.

மார்ச் மாதப் பனியில்
கறுப்புக் கண்ணாடியை மறந்து
ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டி
இரவெல்லாம் கண்ணில் மிளகாய் கொட்டினாற்போல்
புரண்டவன் நான்.
எனக்கே தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் சங்கத்துக்கு ஒளிமானி ஒன்றே ஒன்று.
பெட்டிக்குள் உட்கார்ந்து பேருந்தில் ஊர் ஊராகப் போகும்.
கெமியில் இரண்டு வாரம் தங்கிவிட்டு என்னிடம் வந்தது,
கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு.
"இடது மூலை 90. காளான் பவளத்துக்குச் சந்தோஷம்.
மனைவிக்கு இல்லை."
"420. தப்பு. அழுதேன். டெல்லர்வோ, கயானி."

குச்சி முனையில் இருக்கும் வெள்ளைப் பொத்தானை
நீரில் இறக்கினேன்.
கொம்பின் மேல்: ஐந்நூற்றுப் பதினாறு.
ஒரு சாண் தள்ளி, பாறை ஓரத்தில்: நூற்று நாற்பது.
என் கண்ணுக்கு இரண்டும் ஒரே பிரகாசம்.
இந்தக் கண்ணை நம்பியா
இத்தனை வருஷம் வண்டி ஓட்டினேன்?

வெள்ளையைப் பத்துக்கு இறக்கினேன்.
நீலம் முப்பது. ஊதா கொஞ்சம்.
விளக்கை இன்னும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன்.
வாரத்துக்கு ஐந்து கூட்டலாம், அதற்கு மேல் கூடாது
என்று என் விரலுக்கு நானே விதி போட்டேன்.
உண்மையைச் சொன்னால், அழகு போய்விட்டது.
மீன் நீலம், சுவர் நீலம்,
கிண்ணத்தில் ஓட்ஸ் கஞ்சி நீலம்.

கீழ்வீட்டு எய்லா படியில் மறித்தாள்.
"ஜன்னலில் அந்த வெளிச்சம்...
மேலே என்ன பயிர்? தக்காளியா, வேறு எதாவதா?"
வந்து பாருங்கள் என்றேன்.
காலணியைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.
"இதுகளுக்கு இப்போது என்ன நேரம்?"
"மத்தியானம்."
"அப்படியானால் காபி குடிக்கலாம்."

திரும்பி வருகையில் முதலில் பழுப்பாகத்தான் வருகிறது.
பச்சை பிறகு, வந்தால்.
ஒரு கிளை வரவேயில்லை.
அதன்மேல் பாசி குடியேறிவிட்டது.
அதற்கும் இதே வெளிச்சம்தான்.
விளக்கின் வில்லையில் தெறித்த உப்பை
ஞாயிறுதோறும் ஈரத்துணியால் துடைக்கிறேன்.

நோட்டில் எழுதினேன்:
"516. நானும் தப்பு. பாதி பிழைத்தது.
கையை வைத்துப் பார்த்து வாங்காதீர்கள்."
பெட்டியை ஒட்டி, ரோவனியெமி முகவரி எழுதி
வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
பேருந்து நிலையம் ஆறுக்குத்தான் திறக்கும்.
அதுவரை
என் தெருவை இரண்டு முறை வாரினேன்.
மூன்றாம் மாடியில் என் ஜன்னல்
இருட்டாக இருந்தது,
இருக்க வேண்டியபடி.