தோஹாவில் இப்படி இல்லை

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே
வீப்கெ சொல்லத் தொடங்கிவிட்டாள்:
தோஹாவில் இப்படி இல்லை.
எட்டு வருசம் அங்கே. முப்பத்தோராம் மாடி.
சொன்ன நேரத்துக்கு ஆள் வருமாம்.
ஹோர்ன் அடிப்பதற்கு ஒரு காரணம் இருக்குமாம்.

என் வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாய் ஒரு பெயர்.
கொட்டாஞ்சேனையில் யாரும் கேட்டால்
வெள்ளைக்காரரைக் குடிவைக்கிறது என்பேன்.
கறுவாத்தோட்டத்தில் வீடு, வங்கிக் கணக்கு,
காஸ் முடிந்தால் அழைக்க ஒரு நம்பர்.
போயா அன்று வைன் கிடைக்காது என்பதை
முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.
இல்லாவிட்டால் அன்று பின்னேரம்
எனக்குத்தான் போன் வரும்.

இரண்டாம் நாள் விடியவே வந்தது.
தான் ஒன்பது வயதில் பியானோவில் அடித்துப் பழகிய மெட்டை
ஒரு முச்சக்கரவண்டி வாசித்துக்கொண்டு போகிறதாம்.
எனக்கு மூளை குழம்பிவிட்டதா, என்றாள்.
பாண்காரன், என்றேன். ஓடிப்போய் மறியுங்கள்.
கொஞ்ச நேரத்தில் மறுபடியும், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு:
உள்ளே மீனா?
ஓம். மீன்.

வீட்டுக்காரர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
வந்து போகிறவர்கள் யார், சமைப்பது என்ன, எதுவுமில்லை.
பலாமரத்தைக் காட்டினார், பழுத்தால் உங்களுக்கும் என்றார்.
எங்களுக்குக் கல்யாணமான வருசம்
தெஹிவளையில் இரண்டு அறை தேடியபோது
பெயரைச் சொன்னதும் வீடு நேற்றே போயிருந்தது.
மற்ற இடத்தில், பொலிஸில் பதிந்து
துண்டு கொண்டு வாங்கோ என்றார்கள்.
அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அருள்நேசனும் தோஹாவில்தான்.
ஆறு வருசம்.
என்னிலும் இரண்டரை மணி நேரம் பின்னால்
எட்டுக் கட்டில் போட்ட அறையில்.
கண்ணாடிக் கட்டடங்களைக் கயிற்றில் தொங்கிக் கழுவுகிற வேலை.

பம்பலப்பிட்டி நெரிசலில் ஒருநாள்
வீப்கெ தானாகவே சொன்னாள்:
செவ்வாய்க்கிழமைகளில் யன்னலுக்கு வெளியே
ஆட்கள் இறங்கி வருவார்கள்.
நான் திரையை இழுத்துவிடுவேன்.
கோப்பியும் கையுமாய் நான் இருக்க
அவர்கள் பார்த்தால், பாவம், என்ன நினைப்பார்கள்?
எந்தக் கட்டடம், என்று கேட்டேன்.
சொன்னாள்.
முன்னால் பஸ் ஒன்று
ஆளை ஏற்றியும் ஏற்றாமலும் நின்றது.

வெள்ளிக்கிழமை அவரிடம் கேட்டேன்.
பெயர் தெரியாதாம். வேன் கொண்டுபோய் இறக்கும்,
கயிறு எங்கேயோ அங்கேதான் கட்டடம்.
உள்ளே இருக்கிற சனத்தைத் தெரியுமா, என்றேன்.
இல்லையப்பா. வெளியே அவ்வளவு வெயில்.
கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியும்,
பின்னாலே கடல்.

திரையை மூடியிருக்கத் தேவையே இல்லை.
இதையும் அவளுக்குச் சொல்லவில்லை.
அடுத்த நாள் அவளுடைய தண்ணித் தாங்கி வழிந்தது.
அந்தக் கதையிலேயே கிழமை போய்விட்டது.

முப்பதாம் நாள் கையெழுத்து வாங்கப் போனேன்.
உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து
ஓட்டோவை மறிக்கப் பழகியிருந்தாள்.
தலையை ஒரு மாதிரி ஆட்டினாள்,
ஓமா இல்லையா என்று எனக்கே பிடிபடவில்லை.
'குடியமர்ந்துவிட்டார்' என்ற இடத்தில் சரி போட்டாள்.
மாலுபாண் ஒன்றும் எடுத்து வைத்திருந்தாள் எனக்கு,
நேற்றையது.

பங்குனியில் அவர் ஒரேயடியாய் வருகிறார்.
காஸ் கடை இடம் மாறியது தெரியாது.
பஸ் காசு தெரியாது. மகள்
கதவைப் பூட்டிவிட்டுப் படிக்கிறவள் என்பதும் தெரியாது.
ஒபிஸில் மிஞ்சிய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கியிருக்கிறேன், பென்சிலால்.
தண்ணி மோட்டர் சுவிட்ச்
கதவுக்குப் பின்னால்.
இரவில் போட வேண்டாம், கீழ்வீட்டில் கைக்குழந்தை.