அறுபதாவது எழுத்தில்

பீடோர் அடுக்குமாடிக்கு நான்தான் கணக்கு,
அறிவிப்பு அடிப்பதும் நான்தான்.
செம்பனை ஆலை தூக்கிப்போட்ட கணினி.
அறுபது எண்ணியதும் வெட்டும்.
சொல் முடிந்ததா என்று பார்க்காது.

தோட்டம், நமக்கு நான்கு எழுத்து.
அதற்கு ஏழு.
புள்ளிக்கும் தனியாகப் பேர் போடுகிற கிராணி அது.
போன மாதம் மகரத்தை வரி முனையில் விட்டுவிட்டு
அதன் புள்ளியை அடுத்த வரியின் தலைக்கு அனுப்பியது.
புள்ளிவட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
அது வழி தெரியாமல் நின்றது.
சிரித்துவிட்டு அனுப்பினேன்.
அடித்தவள் நான்,
என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியுமே.

கைப்பேசிக்குப் போனால்
நீளம், குட்டை, நீளம், குட்டை,
பல் போன சீப்பு.
"என்னக்கா, கவிதையா?" என்றான் யோகராஜா.
லோரி ஓட்டுகிறவன். விழுந்து விழுந்து
அவன் ஹேண்ட்போனில் பாதி அகலம்தான் தெரியும்.
அன்று அவனுக்குப் போனது இப்படி:
துப்புரவுக் கட்டணம் ஆண்டுக்கு வெள்ளி 1
கீழே, தனியாக,
20
ஒரு வெள்ளி நோட்டை மேசையில் வைத்தான்.
இருபது?
"அது நம்ம வீட்டு எண்ணிக்கைதானே."

கத்தினேன்.
இரவில் அதையே என் கைப்பேசியில் பார்த்தேன்.
சரியாகத்தான் படித்திருக்கிறான்.

இருபது வீடுதான். பழைய லயத்தில் ஒரே நீளம்.
இடித்து, ஐந்து ஐந்தாய் மடித்து
நான்கு அடுக்காக்கிக் கொடுத்தார்கள். எண் மாறவில்லை.
எனக்குப் பதின்மூன்று.
இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பதினான்கு,
அங்கே எப்படியோ இங்கேயும் அப்படி.
வரி நடுவில் குடியிருப்பவளுக்கு
எங்கே மடித்தார்கள் என்று தெரியாது.

ஐந்தாம் எண் தெய்வானைக்குத் தெரியும்.
ஆறாம் எண் மரியபுஷ்பத்துக்கும்.
ஒரே பலகைச் சுவருக்கு இரண்டு பக்கம் படுத்தவர்கள்.
ஒருத்தி இருமினால் மற்றவள் வெந்நீர் வைப்பாள்.
இப்போது அவள் கீழே, வலது கோடி.
இவள் மேலே, இடது கோடி.

நேற்று உட்கார்ந்து எண்டர்களை அழித்தேன்.
பத்தி முடிகிற இடத்தில் மட்டும் ஒன்று.
மரண அறிவிப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று,
அதில் நான் கை வைக்க முடியாது.
வெள்ளியையும் நூற்றிருபதையும்
பிரியாத இடைவெளி போட்டுக் கட்டினேன்.
மற்றதை அந்தந்தத் திரை பார்த்துக்கொள்ளட்டும்.
தவுக்கே கடை டிவியில் இரண்டு வரி,
யோகராஜாவுக்குப் பதினொன்று.
"இப்ப வெறும் அறிக்கை மாதிரி இருக்கு," என்றான்,
கொஞ்சம் ஏமாந்துபோய்.
நூற்றுப் பத்தொன்பது வெள்ளி இன்னும் வரவில்லை.

மணி ஒன்பது இருக்கும்.
கீழ் நடைபாதையில் செருப்புச் சத்தம்.
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று,
அப்புறம் படி.
சில்வர் கிண்ணத்தின் மூடி கிணுகிணுக்கிறது.
வரி முடிந்த கண்
வெறும் தூரத்தை முழுக்கக் கடந்து திரும்புமே,
அதுபோல நடந்துவந்து
தெய்வானை
ஆறாம் கதவைத் தட்டுகிறாள்.