எட்டு ரூபாய் வாஷர்

கோட்டூரிலிருந்து வந்தார் பக்கிரிசாமி.
குறுவைக்கு நாற்று விட்டாயிற்று,
மோட்டார் காற்று இழுக்கிறது,
ஃபுட்வால்வுக்கு ஒரு வாஷர் வேண்டும்.
வாஷர் எட்டு ரூபாய்.
வண்டி நிறுத்தப் பத்து ரூபாய்.

வண்டியை அணைக்காமல்
ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி
ரோட்டிலிருந்தே கத்தினார்:
"ரெண்டு இஞ்சு! ரப்பர்!"
கல்லாவை விட்டு ஓடினேன்.
எனக்கு முன்னால் செங்கமலம் நின்றாள்,
நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் சீட்டு மெஷின்.
"நின்னா சீட்டு."
"எங்க நின்னேன், வண்டி ஓடிக்கிட்டுதானே இருக்கு?"
"சக்கரம் நிக்குதுல்ல."

மூன்று பேரும் சக்கரத்தைப் பார்த்தோம்.

பைபாஸில் வாங்கிக்கொள்கிறேன் என்று
அவர் போய்விட்டார்.
வாஷர் என் உள்ளங்கையில்.

சொல்லிவிடுகிறேன்.
போன ஐப்பசியில்
மன்னார்குடி நகராட்சிக்குப் போன மனுவில்
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
நகைக்கடைக்கு வந்த கார்கள்
என் வாசலில் நாள்முழுக்கக் கிடந்தன.
அதில் ஒரு வெள்ளைக் கார்,
கண்ணாடியில் 'அவசரத்துக்கு அழைக்கவும்' என்று நம்பர் எழுதி
எத்தனை தடவை அழைத்தாலும் எடுக்காத கார்.
கட்டணம் போடுங்கள் என்று
அழுத்தித்தான் போட்டேன் கையெழுத்தை,
அடித்தாளிலும் பதிந்தது.

இப்போது தேரடியிலிருந்தே தெரிகிறது
என் போர்டு,
'பம்ப்செட்'டில் ஒரு புள்ளி உதிர்ந்திருப்பதுவரை.
நகைக்கடைக்காரர் பின்பக்கம் மனை வாங்கி
இலவசமாய் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்.
பிளாஸ்டிக் குடம் விற்கும் நூர்தீன் ராவுத்தர்
குடங்களை மினிவேனில் ஏற்றிக்கொண்டார்.
"வாங்குறவன் நிக்க முடியலேன்னா
விக்கிறவன் ஓடணும், தம்பி."
எனக்கு ஓடத் தெரியாது.
என் சரக்கு எல்லாம் இரும்பு.

நாலு மணிக்குப் பக்கிரிசாமி போன் செய்தார்.
பைபாஸ் கடையில் ரெண்டு இஞ்சு இல்லையாம்.
"கோட்டூர் பஸ்ல குடுத்துவிடுங்க,
காச அப்புறம் தர்றேன்."

பஸ்ஸ்டாண்டில் வண்டி நிறுத்தவும் சீட்டு உண்டு.
ஆகவே நடந்தேன்.
செங்கமலம் கடையைப் பார்த்துக்கொண்டாள்;
மத்தியானத்திலிருந்து அவளுக்கும் ஒரு வண்டி வரவில்லை,
காண்ட்ராக்டருக்கு அறுநூறு கட்டியாக வேண்டும்.
சட்டைப் பையில் எட்டு ரூபாய் ரப்பரோடு
தெருவுக்கு நட்டநடுவில் நடந்தேன்.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை.