நூற்றுப் பதின்மூன்று

போயா நாள் பின்னேரம் நாலரை.
வெள்ளவத்தையில், ரயில் பாதையைப் பார்த்த
சைவக்கடையின் கடைசி மேசை எங்களுக்கு.
நாலு பிளேன்டீ, ஒரு தட்டு உளுந்து வடை,
நடுவில் 'பாதரசன்',
இதழ் நூற்றுப் பன்னிரண்டும் நூற்றுப் பதினாலும்.

பன்னிரண்டின் கடைசிக் கட்டத்தில்
பாலத்திலிருந்து விழுகிறான்.
இடக்கை மணிக்கட்டோடு போய்விட்டது.
'தொடரும்' என்று சிவப்பெழுத்து.
பதினாலின் முதல் கட்டத்தில்
அதே இடக்கையால் தீக்குச்சி கிழிக்கிறான்.

இடையில் ஒரு இதழ்.
எண்பத்து மூன்று ஆடி.
பார்சல் வரவில்லை. வந்திருந்தாலும்
விற்கிற கடைக்குக் கூரை இல்லை.
அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
கையைப்பற்றித்தான்
நாற்பது வருசமாகக் கதைக்கிறோம்.

ருஷ்தி சொல்வான்: "பாதரசம் மச்சான்.
வாப்பாட தெர்மாமீட்டர் ஒடஞ்ச அண்டைக்குப் பாத்தன்,
சிமெந்துத் தரையில நூறு மணியா ஓடினது
விரலால தள்ளத் தள்ள ஒண்டாகிட்டு.
கையும் அப்பிடித்தான்."

ஞானசீலன் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்கர்.
ஒவ்வொரு இதழுக்கும் கோப்பு, கோப்புக்கு இலக்கம்.
"பதினாலில நிக்கிறவன் வேற ஆள்.
நூற்று ஒன்பது வரைக்கும்
வலக்கையாலதான் குச்சி கிழிச்சவன்.
காது மடலைப் பாருங்கோ."

நான் கையுறைக் கட்சி.
வெட்டுப்பட்டது கையுறை மட்டும்,
ரத்தம் என்று நீங்கள் காட்டுவது
அச்சகத்தில் கசிந்த சிவப்பு.
இன்றுவரை எனக்கு ஒரு வாக்கும் விழவில்லை.

கோகிலவாணி பாமசியில் வேலை.
எந்த டொக்டரின் கிறுக்கலும் அவளை ஏமாற்றாது.
"ஓவியர் மாறிட்டார். புது ஆளுக்குப்
பழைய இதழைக் காட்ட ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதான்."
பிறகு விரல் நூற்று இருபத்தாறுக்குத் தாவும்,
ஷீலா கிணற்றடியில் செத்துக் கிடக்கும் பக்கத்துக்கு.
"அவன் ஒருத்தனுக்குக் கோவம் வர
இவள் ஏன் சாகவேணும்?
ஏழு இதழ் கூட நிண்டு சண்டை பிடிச்சவள்."
கதைக்குத் தேவை என்று ஞானசீலன் தொடங்க
பாணந்துறை ரயில் வந்து காப்பாற்றும்.
அது கடக்கும் வரை நாலு வாய்களும் அசையும்,
எழுத்து நிரப்ப மறந்த பேச்சுக் குமிழிகள்.

போன போயாவுக்கு ருஷ்தி பிந்தி வந்தான்.
மருதானைப் பழைய புத்தகக் கடையில்
ஓ.எல். வினாத்தாள் கட்டுக்குள் கிடந்ததாம்.
ஆயிரத்தைந்நூறு கேட்டு
எண்ணூறுக்கு விட்டானாம்.
பொலித்தீன் உறைக்குள்
நூற்றுப் பதின்மூன்று.

ஞானசீலன் எழும்பிப் போய்க் கை கழுவி வந்தார்.
வடைத் தட்டை நான் பக்கத்து மேசைக்கு மாற்றினேன்.

முதல் பக்கம், இரண்டாம் கட்டம்:
'மூன்று மாதங்களுக்குப் பின்.'
ஒரு டொக்டர். "கையைப் பொருத்தியாயிற்று."
மிச்சம் முப்பது பக்கமும்
சர்க்கசில் தொலைந்த யானையைத் தேடுகிறான்.

ரயில் போனது. ஒருவரும் கதைக்கவில்லை,
அது போன பிறகும்.

"இதைக் கணக்கில சேர்க்கேலாது," என்றாள் கோகிலவாணி.
நாலு கையும் உயர்ந்தன.
நாற்பது வருசத்தில் முதல் ஏகமனது.

உறைக்குள் போடத்தான் பின்னட்டையைத் திருப்பினேன்.
உள்பக்கத்தில் ஊதாப் பேனை,
வரி மேலே ஏறி ஏறிப் போகும் எழுத்து:
த. இன்பராணி
ஐந்தாம் வகுப்பு
கொட்டாஞ்சேனை
22.7.83
கீழே ஒரு யானை.
தும்பிக்கை நீண்டு
விலை அச்சிட்ட மூலை வரை போயிருந்தது.

"அப்ப பார்சல் வந்திருக்கு," என்றான் ருஷ்தி.
எத்தனை பிரதி என்று ஞானசீலன் கேட்கவில்லை.
கேட்கக்கூடிய ஆள்.
என் விரல் திகதியின் மேல் இருந்தது,
எப்போது வைத்தேன் என்று தெரியாது.

பெடியன் பில்லை வைத்துவிட்டுப் போனான்.
காற்றுக்குப் பறக்காமல்
சீனிப் போத்தலை அதன்மேல் வைத்தார் ஞானசீலன்.
கோகிலவாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
மருந்துச் சீட்டைப் போல
அந்த நாலு வரியையும் திரும்ப வாசித்தாள்.

"சரி, சேருங்கோ."

"கை பொருத்தினதையா?"

"முழுசாச் சேருங்கோ," என்றாள்.
"யானையையும்."