பிதியாவில் காற்று இறக்கியது

இப்ராவில் கிளம்பும்போது முப்பத்தாறு.
பிதியா பெட்ரோல் பங்க் ஓரத்தில் நாற்பது.
நடுவில் யாரும் காற்றடிக்கவில்லை.
அத்தனை தூரத்துத் தார்ச்சாலை
தன் சூட்டை உள்ளே ஊதியிருக்கிறது.

சூட்டில் எடுத்த அளவை நம்பாதே என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
வாரம் முழுக்க டயாலிசிஸ் அறையில்
மூச்சுவாங்க வருகிறவர்களை
ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகே
கையில் பட்டையைச் சுற்றுகிறேன்.
டயருக்கும் அதே மரியாதை.
நிழலில் நிறுத்தி ஒரு கரக் டீ.

டீ ஆறுவதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது.
"இருபத்திரண்டு போதும்க்கா, அதுக்குக் கீழ வேண்டாம்"
என்கிறான் கிளாட்வின்.
"பன்னிரண்டு" என்கிறார் ஹிலால்,
லேண்ட் குரூசர் ஜன்னலில் முழங்கை ஊன்றி.
நான்கு சக்கரத்துக்கு அது வேதம்.
எனக்கு இருப்பது இரண்டு, இரண்டிலும் டியூப்.
பன்னிரண்டில் முறுக்கினால்
ரிம் தன் போக்கில் சுற்றும்,
டயர் நின்ற இடத்தில் நிற்கும்,
நடுவில் வால்வின் கழுத்து
திருகிக்கொண்டு போகும்.

போதாததற்கு
என் கேஜில் இருபது காட்டும் டயர்
கிளாட்வின் கேஜில் இருபத்திரண்டு.
எது பொய் சொல்கிறதென்று கேட்க
மூன்றாவது கேஜ் இல்லை.

மதியத்துக்கு மேல் வாதிக்குள்ளும் போவதாகத் திட்டம்.
கல் நிறையக் கேட்கும், மணல் குறையக் கேட்கும்.
சரி, பாதியில் வைப்போம் என்று
இருபத்தைந்தில் நிறுத்தினால்
மணலில் புதைவோம், கல்லில் ரிம் நெளிவோம்.
சமரசத்துக்கு இந்த ஊரில் பஞ்சர் கடைக்காரர் மட்டுமே நன்றி சொல்வார்.
கிளாட்வினிடம் சொன்னேன்:
வாதி அடுத்த வாரம்.

குந்தி உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றி
(தொலையாமலிருக்க வாயில் கவ்விக்கொண்டு)
ஊசியை அழுத்துகிறேன்.
உஸ்ஸ்ஸ்.
அக்டோபர் வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க
என் கட்டைவிரல் நகத்துக்கு மட்டும் குளிர்.
அளந்து, அழுத்தி, அளந்து, அழுத்தி
இருபது.

முதல் மேடு ஏற்றுக்கொண்டது.
இரண்டாவதில் முன்சக்கரம் ஏதோ சொல்ல வந்து
இடதா வலதா என்று திக்கி
பின்சக்கரம் அச்சுவரை தோண்டிக்கொண்டு உட்கார்ந்தது.
காலை எடுத்தேன். வண்டி விழவில்லை.
ஸ்டாண்டே இல்லாமல்
நட்டுவைத்தது போல நின்றது.

கிளாட்வின் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
வண்டியைச் சாய்த்துப் படுக்கப்போட்டு
குழியை மூடி, நிமிர்த்தி
இன்னும் இரண்டு இறக்கினேன்.

பதினெட்டு.
டயரின் வயிறு தரையில் கொஞ்சம் சரிந்தது,
பெல்ட்டைத் தளர்த்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் மாதிரி.
அதே வண்டி, அதே மேடு, பயமும் அதே அளவு.
இரண்டு பாயின்ட்தான் குறைந்தது.
ஏறியது.
மேட்டின் உச்சியில் எஞ்சினை அணைத்தபோது
எங்கள் தடம் பின்னால் கிடந்தது
அகலமாக, ஆழமில்லாமல்.

சாயங்காலம் காற்றடிக்க வரிசை.
கிளாட்வினின் கம்ப்ரசர் ஃபியூஸ் போயிருந்தது,
குல்ரேஸ் கடைதான் கதி.
ஸ்வாத்திலிருந்து வந்தவர், ஒரு காதில் பஞ்சு.
அடிப்பதற்கு முன் தன் கேஜை வைத்துப் பார்த்தார்.
இருபத்திரண்டு.
என்னுடையதை வைத்தேன்.
பதினெட்டு.
கிளாட்வின் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்,
தோள் மட்டும் குலுங்கியது.

"கித்னா?" என்றார் குல்ரேஸ்,
குழாயைக் கையில் பிடித்தபடி.
அவர் கேஜில் முப்பத்தாறு என்றேன்.

என்னுடையதைத் தூக்கி எறியவில்லை.
துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
அடுத்த வெள்ளியும் மணலுக்கு
இது காட்டும் பதினெட்டுதான் வேண்டும்,
அது எத்தனையாக இருந்தாலும்.