சாய்கோடு

பகாவ் எண்ணெய் ஆலையில்
ஓடு என்றால் கொதிகலனுக்குத் தீனி,
பருப்பு என்றால் கோணியில் கட்டி விற்பது.
புதுக் கணினியின் கையேட்டிலும்
பருப்பும் ஓடும் இருந்ததைப் பார்த்து
போர்மேன் ரசாலி விழுந்து விழுந்து சிரித்தார்.

உள்ளே பருப்பு. யாரோடும் பேசாது.
வெளியே ஓடு.
நாம் சொல்வதைக் கேட்டு உள்ளே சொல்லும்.
பச்சைத் திரையின் ஓரத்தில்
ஒற்றை வெள்ளிக் குறியைப் போட்டுவிட்டுக்
காத்திருக்கும்,
முன்பணம் கேட்க வந்தவர் மாதிரி.

எண்பத்தேழு, தீபாவளிக்கு முந்தின வாரம்.
இருநூற்றுப் பதினாறு பேர் சம்பளம்.
ஒவ்வொன்றாய்த் தட்டி விரல் காய்த்த நான்
எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினேன்.
பெயரைப் படி. குலையைக் கூட்டு.
கடன் இருந்தால் கழி.
'இஃப்' என்று திறந்த கதவை
'ஃபி' என்று
தலைகீழாகச் சொல்லித்தான் சாத்த வேண்டும்.
பெயருக்கொரு சீட்டு.

இரவு பதினொன்றுக்கு
ஓடு என்றேன்.
ஓடு ஓடியது.
அச்சுப்பொறி நறநறவென்று பல்லைக் கடித்தது.

எண்ணினேன். நூற்று ஐந்து.
ரசாலி பின் ஹம்டான் வந்திருந்தார்.
ஃபூ கிம் லான் வந்திருந்தாள்.
மருதாயி இல்லை. சடையன் இல்லை.
ஜெபமாலை இல்லை.
எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை.
நானும் இல்லை.

திரையில் ஒரே வரி, நூற்றுப் பதினோரு தடவை:
உருவாக்க முடியவில்லை.

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.
மூன்று மணிக்கு, நாலாவது கோப்பிக்குப் பிறகு,
என் அடையாள அட்டையைப் பார்த்தேன்.
குணவதி ஏ/பி சன்னாசி.
மகள் என்பதை மலாயில்
இரண்டு எழுத்தாக நறுக்கி
நடுவில் சாய்த்து வைத்த கோடு.

ஓட்டுக்கு அந்தக் கோடு வாசல்.
'மருதாயி ஏ' என்றொரு அறை இருக்கும்,
'பி காத்தான்' அதற்குள் இருப்பான் என்று
தேடிப் போயிருக்கிறது.
அறையே இல்லை. சீட்டை எங்கே வைக்கும்?

அது யாரையும் ஒதுக்கவில்லை.
சொன்னதைச் சொன்னபடி கேட்டது.
அதுதான் இன்னும் உறுத்தியது.

கோப்புக்குப் பதிவு எண் கொடுத்தேன்.
சீட்டில் முழுப்பெயர்,
கோட்டோடு.

நாலரைக்கு இருநூற்றுப் பதினாறும் வந்தன.
என்னுடையதை முதலில் உருவினேன்.
ஏழு வெள்ளி குறைந்தது.
வாங்காத கடனைக் கழித்திருக்கிறேன்,
எனக்கு நானே.

எந்தக் கதவைச் சாத்தாமல் விட்டேன்?
கொதிகலனில் ஓடு எரியும் வாசம்
ஜன்னல் வழியாக வந்தது.
திரையில் வெள்ளிக் குறி
நகராமல் நின்றிருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.