அழல்

திரையில் தன் குடலைப் பார்க்கிறான் ஹெர்கெய்ர்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் இருபது வருடம்
காட் மீன்களின் வயிற்றைக் கிழித்த கை
படுக்கைக் கம்பியைப் பிடித்திருக்கிறது.

"போன கோடையில் வயிற்றுப்போக்கு வந்ததா?"
குழாயைத் திருப்பியபடி சுன்வோர் கேட்கிறாள்.

வந்தது. மூன்று நாள்.
கிருமி செத்தது. படகேறினான்.
மறந்தேபோனான்.

குடல் மறக்கவில்லை.
எதிரி ஒழிந்த பிறகும்
காவலுக்கு வந்த வெள்ளணுக்கள்
ஊர் திரும்பாமல்
சுவரோரம் தீ மூட்டி உட்கார்ந்திருக்கின்றன.
விறகு, சுவர்தான்.
லேசாக உரசினாலும் ரத்தம் பூக்கிறது.

வெளியே மழை
பக்கவாட்டில் பெய்கிறது, வழக்கம்போல.

"அணைத்துவிடுங்கள்" என்கிறான்.

"முழுக்கவா?"
அவள் சிரிக்கவில்லை.
"காற்றில் புளிக்கவைத்த ஆட்டிறைச்சி
போன வாரமும் தின்றிருப்பீர்கள்.
அதோடு எத்தனை கோடிப் பேர் உள்ளே வந்தார்கள் தெரியுமா?
ஒருவரும் ரத்தத்தில் இறங்கவில்லை.
இதே தீயால்தான்."

சீட்டில் எழுதுகிறாள்:
காலை ஒன்று, இரவு ஒன்று.
தணிக்க மட்டும்.
சளி, காய்ச்சல் என்றால் உடனே வரவும்.

சட்டையைப் போடும்போது
கை தானாகப் போய் வயிற்றை அணைக்கிறது.
சூடாகத்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.